கொடுவா மீனை விடுங்க அண்ணே

தன்பால் ஈர்ப்பு பிறப்பிலா வளர்ப்பிலா என்ற ஒரு கட்டுரைக்குக் கீழே, "எல்லாம் சூழல்தான், கண்டித்து வளர்த்தால் வராது" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். சூழல் என்றால் வளர்ப்பு மட்டும்தானா? கருப்பையும் சூழல்தானே. முன்னால் பிறந்த ஒவ்வொரு அண்ணனுக்கும், தம்பி தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று பல ஆய்வுகள் கண்டன. 100-க்கு 2 என்றிருந்தால் 3-ஐக்கூட எட்டாது, அவ்வளவுதான். ஆனால் 2006-இல் வந்த ஆய்வைப் பாருங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தாலும் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனால் அந்த வித்தியாசம் இல்லை. வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் ஒரே வயிற்று அண்ணன் கணக்கில் வந்தார். அப்புறம் வளர்ப்பை எப்படிக் குறை சொல்வது?

மரபணு மட்டும் என்பதும் சரியில்லை. 2019-இல் 4.7 லட்சம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் 'இதுதான் அது' என்று ஒரு மரபணுவும் சிக்கவில்லை.

இன்னொருவர், மீனே ஆணிலிருந்து பெண்ணாக மாறுகிறதே என்று கொடுவா மீனை இழுத்திருக்கிறார். நான் பாம்பன்காரன். கொடுவா ஆணாக இருந்து, பெரிதானதும் பெண்ணாகும். களவா நேர் எதிர். அது பாலினம் மாறுகிற கதை. யார்மேல் ஈர்ப்பு என்பது வேறு விஷயம்.

எங்கள் தெருவில் நான்கு பையன்கள் உள்ள வீடு ஒன்று. ஒரே சோறு, ஒரே பனைமட்டை அடி. கடைக்குட்டி மட்டும் இப்படி. மந்திரிக்கக் கூட்டிப்போய் வந்தார்கள். மறுநாள் கரையில் வலை தைத்துக்கொண்டே மணிக்கட்டைக் காட்டினான்: "மாமா, கயிறுதான் புதுசு."