காந்தி ரோட்டுக் கடுகு எண்ணெய்

அக்கா பையன் போன வாரம் ஒரு ஃபைலோட வந்து உட்கார்ந்தான். ஏதோ டீக்கடை பிரான்சைஸ், அதாவது ஒரு பிராண்டுக்குப் பணம் கட்டி அவங்க பேர்ல நாம நடத்துற கடை. வழவழன்னு தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே ஏறும் அம்புக்குறி. "மாமா, இனிமே இந்தியாவுல ஃபுட் பிசினஸ்தான். நம்ம வேலூர்ல இன்னும் யாரும் சரியா இறங்கல."

இறங்கலையாம்! சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே மெஸ் வச்சு இருபது வருஷமா அடுப்புல வேகுற என் சித்தப்பா காதுல இது விழுந்திருக்கணும்.

காந்தி ரோட்டுலயும் பாபு ராவ் தெருவுலயும் ஒரு நாள் சும்மா நடந்து பாருங்க. போர்டெல்லாம் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், வங்கதேசம்னு அங்கிருந்து சிகிச்சைக்கு வந்து, லாட்ஜ் ரூம்லயே பொங்கிச் சாப்பிடுற நோயாளி வீட்டுக்காரங்களுக்காக கடுகு எண்ணெய் சின்னச் சின்ன பாட்டில்ல நிக்கும். கால் கிலோ அரிசி, பொரி மூட்டை, நம்ம வீட்டுல யாரும் வாங்காத பர்வல் காய், ஐஸ் மேல ரோகு மீன். கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவர் சுத்தமான காட்பாடிக்காரர், நூறு ரூபாயை வங்காளத்துல "ஏக்ஷோ டாக்கா" என்று கணக்கு சொல்வார். எந்த ஆலோசகரும் வந்து வகுப்பு எடுக்கல. வந்தவன் வயித்தைப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி கடையை மாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

வளர்ச்சி இல்லைன்னு நான் சொல்ல வரல. நம்ம ஊர் சாப்பாட்டு வியாபாரம் வெளியூர்க்காரனை நம்பி நிக்குது, அதைத்தான் சொல்றேன். 2022-ல் சிஎம்சி ராணிப்பேட்டை வளாகம் திறந்து சில பிரிவுகள் ரத்தினகிரி பக்கம் போனதும் கூட்டத்துல ஒரு பங்கு அங்கே போயிடுச்சு. அது பழகுறதுக்குள்ள 2024-ல் வங்கதேசத்துல கலவரம், விசா முடங்கிச்சு. அங்கிருந்து வர்ற ஜனம் சட்டுனு குறைஞ்சது. டாக்காவுல ஆட்சி கவிழ்ந்ததுக்கு சித்தப்பா மெஸ்ல மதியம் வடிக்கிற அரிசி பாதியாச்சு. அந்த அம்புக்குறி தாள்ல இதுக்கெல்லாம் இடம் ஏது?

பிரான்சைஸ் கணக்கையும் போட்டுக் காட்டினேன். சாதாரண ஓட்டல் பில்லுல ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனா அதுல உள்ளீட்டு வரி, அதாவது கடைக்காக நாம வாங்குறதுக்கெல்லாம் கட்டின ஜிஎஸ்டி, திரும்பக் கிடைக்காது. பிராண்டுக்குக் கட்டுற ராயல்டிக்கு 18 சதவீதம், கடை வாடகைக்கும் பெரும்பாலும் 18. கட்டினது கட்டினதுதான். பையன் முகம் கொஞ்சம் சுருங்குச்சு. (அவங்க அம்மா நகையை வைக்கப் போறான், சுருங்கட்டும்.)

"அப்ப என்னதான் பண்றது?"ன்னு கேட்டான்.

நம்ம அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள் கத்திரிக்காய் இருக்கே. காம்புல முள் குத்தும், உள்ளே வெண்ணெய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. நேதாஜி மார்க்கெட்டுல இன்னிக்கும் அது மத்த கத்திரியோட குவியலாத்தான் கிடக்கு, பேரு தெரிஞ்சு கேக்கிறவங்க கொஞ்சம்தான். ஆம்பூர் பிரியாணிக்கு சென்னையிலயும் பெங்களூர்லயும் போர்டு தொங்குது. அந்தப் பிரியாணிக்குத் தொட்டுக்க வைக்கிற கத்திரிக்காய்க்கு ஒரு லேபிள்கூடக் கிடையாது. ஆற்காடு மக்கன் பேடாவைப் பெட்டி பெட்டியா கார்ல ஏத்திக்கிட்டுப் போறவன், நல்ல கத்திரிக்காய் தொக்கு ஒரு பாட்டில் வாங்க மாட்டானா? சின்ன உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் தர்ற மத்திய அரசுத் திட்டம் 2020-ல் வந்துச்சு, இன்னும் நடக்குதான்னு விசாரிக்கணும். சுலபம்னு சொல்ல மாட்டேன். தொக்கு கெடாம இருக்க எண்ணெயும் புளியும் மட்டும் போதாது, பாட்டிலைக் கொதிக்க வச்சு அடைக்கிறதுலேயே பாதி வேலை இருக்கு. முதல் ஆறு மாசம் கை கடிக்கும்.

அவனுக்கு இன்னும் ஏசி கடை ஆசை போகல. ஞாயித்துக்கிழமை காலையில இலவம்பாடிக்கு வண்டி எடுக்கச் சொல்லியிருக்கேன். வரும்போது ரத்தினகிரி போய், ஆஸ்பத்திரி வாசல்ல யார் என்ன சாப்பிடுறாங்கன்னு ஒரு மணி நேரம் நின்னு பார்க்கணும். ஃபைலை வீட்டுல வச்சிட்டு வாடான்னேன்.