முதல் சுற்று பிக்கைக் கொடுத்துத் தற்காப்பு ஆளை வாங்கலாமா? வாங்க வேண்டும்

நேற்று ராத்திரி கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வழக்கமான மாமாக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேசையில் ரொட்டி சானாய் ஆறிக் கிடந்தது, யாரும் தொடவில்லை. பேச்சு முடியாமலே எழுந்து வந்தோம். படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி வந்தாலே எங்களுக்குள் இந்தச் சண்டைதான். என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் டீம்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம், அதாவது டிரேட் டெட்லைன், அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை மதியம் 3 மணிக்கு. நமக்கு அது வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணி. அதற்கு முந்தைய வாரம் முழுக்க யார் வருவார், யார் போவார் என்று போன் ஓயாது. எந்த டீம், எந்த ஆட்டக்காரர் என்று இங்கே எழுதப்போவதில்லை, அந்தப் பேச்சு மணிக்கு மணி மாறும். சண்டை மட்டும் மாறாது. பத்துப் புள்ளிகூடப் போடாத, ஆனால் எதிரணியின் பெரிய ஆளைக் கட்டிப்போடத் தெரிந்த ஒருவருக்காக முதல் சுற்று டிராஃப்ட் பிக்கை, அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு வரும் முறையை, கொடுக்கலாமா?

"அறிவிருக்காடா? எதிர்காலத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு ஒரு பெஞ்சு ஆளை வாங்கறதா?" என்றான் நண்பன். அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கொடுக்கலாம் என்கிற கட்சி. 2021இலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் மார்ச்சில் மில்வாக்கி பக்ஸ், ஹியூஸ்டனிடமிருந்து பி.ஜே. டக்கரை வாங்கியது. கொடுத்தது டி.ஜே. ஆகஸ்டின், டி.ஜே. வில்சன் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள், கூடவே 2023இன் முதல் சுற்று பிக். டக்கருக்கு 36 வயது ஆகப்போகிற நேரம். வந்த பிறகு லீக் ஆட்டங்களில் சராசரியாக மூன்று புள்ளிகூட அவர் போடவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் திட்டாத ஆள் இல்லை.

அப்புறம் ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே முழு ஊரடங்கு. கடை கிடையாது, கூட்டம் கிடையாது, அவரவர் வீட்டில் அவரவர் டிவி. ப்ளே-ஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றில், புரூக்ளின் நெட்ஸுக்கு எதிராக ஏழாவது, கடைசி ஆட்டம். நெட்ஸின் கெவின் டுரான்ட் 48 புள்ளி போட்டார். அவரைக் காவல் காத்தவர் பெரும்பாலும் டக்கர்தான். முடிய ஒரு விநாடி இருக்கும்போது டக்கரின் கைக்கு மேலேயே திரும்பி ஒரு ஷாட் போட்டார். டுரான்டின் ஷூ நுனி மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் மூன்று புள்ளி இரண்டானது. ஆட்டம் சமன், கூடுதல் நேரம்.

என் நண்பன் இன்றைக்கும் இதைத்தான் சொல்லிக் காட்டுவான். "48 புள்ளி விட்டவன் எப்படிடா தற்காப்பு ஆள்?"

நான் பார்த்தது அந்தக் கூடுதல் ஐந்து நிமிடத்தை. டுரான்ட் அதில் ஆறு ஷாட் எடுத்தார், ஒன்றுகூட விழவில்லை. கடைசி ஷாட் வளையத்தைத் தொடவேயில்லை. அன்றைக்கு 53 நிமிடமும் அவர் களத்தைவிட்டு வெளியே வரவில்லை. அந்தச் சீரிஸ் முழுக்க ஓர் ஆள் அவர் இடுப்பில் சாய்ந்துகொண்டு, பந்து கைக்கு வருவதற்கு முன்பே அவரை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு வேலை வாங்கியிருக்கிறார். அந்தக் களைப்பெல்லாம் சேர்ந்து 53ஆவது நிமிடத்தில் காலில் வந்து நின்றது. மில்வாக்கி 115-111 என்று ஜெயித்தது. அடுத்த மாதம் 50 வருஷத்துக்குப் பிறகு கோப்பையையும் தூக்கியது. ப்ளே-ஆஃபில் டக்கரின் சராசரி ஐந்து புள்ளிகூட இல்லை.

அதற்காகக் கொடுத்த 2023 பிக் எத்தனையாவது பிக்காக வந்தது தெரியுமா? 30ஆவது. முதல் சுற்றின் கடைசி. அந்த சீசனில் மில்வாக்கிதான் அதிக ஆட்டம் ஜெயித்த டீம், அதனால் கடைசி இடம். கோப்பைக்கு மோதுகிற டீமின் பிக் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாரும் மனசில் வைத்துக்கொள்வது முதல் மூன்று இடங்களை, கையில் வருவது இருபத்தைந்துக்கு மேல். நண்பன் உடனே பெரிய ஸ்டாராகிவிட்ட ஜோக்கிச்சைக் கொண்டு வருவான், 41ஆவது பிக் என்று. உண்மைதான். 2014இல் அப்படி ஒருவர் வந்தார், அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை அபூர்வம் என்பது அதிலேயே தெரியவில்லையா?

சாய்வது, தள்ளுவது என்றெல்லாம் நான் எழுதுவது டிவியில் பார்த்து மட்டுமல்ல. ஞாயிறு சாயங்காலம் எங்கள் தாமான் கோர்ட்டில் விளையாட வருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அச்சகத்தில் வேலை, நாற்பதைத் தாண்டியவர். சிமெண்டுத் தரை, கோடு பாதி அழிந்துபோன கோர்ட், வளையத்தில் வலைகூடக் கிடையாது. அவர் ஷாட் எடுத்தே நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் நமக்கு எதிராக நின்றால் முன்கையை மடக்கி நம் இடுப்பெலும்பில் வைப்பார். அழுத்த மாட்டார், சும்மா வைத்திருப்பார். நாம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று அந்தக் கைக்கு முதலில் தெரிந்துவிடும். கண் பந்தைப் பார்க்காது, நம் நெஞ்சைப் பார்க்கும். கால் குறுக்கே போடாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வார். இருபது நிமிடம் கழித்து நம் ஷாட் எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழும். கை சரியாகத்தான் போகும், காலில் வலு இருக்காது. ஸ்கோர் எழுதுகிற பையனின் தாளில் அவருக்கு நேரே இரண்டு புள்ளி இருக்கும். டீம் பிரிக்கும்போது முதலில் கேட்கப்படும் பெயர் அவருடையதுதான்.

டெரிக் வைட்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தச் சண்டையில் நான் கிட்டத்தட்ட தனி ஆள். 2022 பிப்ரவரி 10, போஸ்டன் அவரை சான் அன்டோனியோவிடமிருந்து வாங்கியது. ஜோஷ் ரிச்சர்ட்சன், ரோமியோ லாங்ஃபர்ட், ஒரு முதல் சுற்று பிக், போதாததற்கு 2028இல் தன் பிக்கைப் போஸ்டனின் பிக்கோடு மாற்றிக்கொள்ள சான் அன்டோனியோவுக்கு உரிமை. வந்த புதிதில் வைட்டின் மூன்று புள்ளி ஷாட் விழவே இல்லை. "சுவத்துல எறியறான்" என்று குழுவில் எழுதினார்கள். கொடுத்த பிக் 25ஆவதாகப் போனது. வைட் அந்த வருஷமே ஃபைனலில் ஆடினார், 2023லும் 2024லும் லீக்கின் சிறந்த தற்காப்பு அணிகளில் இடம்பிடித்தார், 2023-24இல் மூன்று புள்ளி ஷாட்டில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு போட்டார்.

2023 மே மாதம் மயாமிக்கு எதிரான ஆறாவது ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று விநாடி, ஒரு புள்ளி பின்தங்கல். வைட்தான் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே கொடுத்தார். கொடுத்துவிட்டு நிற்கவில்லை. சக ஆட்டக்காரர் ஸ்மார்ட் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி வெளியே வந்தபோது இவர் ஓடி வந்து சேர்ந்திருந்தார், தட்டி உள்ளே போட்டார். 104-103. ஷாட் விழும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விழாவிட்டால் எங்கே வரும் என்று ஓடுகிற புத்தி அது. தற்காப்பு ஆட்டக்காரனுக்கு மட்டும்தான் அந்தப் புத்தி என்று சொல்லவில்லை, ஆனால் அவர்களிடம்தான் நான் அதை அதிகம் பார்க்கிறேன். 2024 ஃபைனலில் தரையில் உருண்ட பந்துக்குப் பாய்ந்து பல்லையே உடைத்துக்கொண்டார். கோப்பைக்காக எல்லாப் பல்லும் போகட்டும் என்றார் அப்புறம்.

ஆனால் தற்காப்பு ஆள் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. அவருக்கு மூலையில் நின்று ஷாட் போட வர வேண்டும். மூலையிலிருந்து வளையத்துக்கு 22 அடி, நேரெதிரே என்றால் 23 அடி 9 அங்குலம். அந்தக் கிட்டத்து ஷாட்டையும் போட மாட்டார் என்று தெரிந்தால் எதிரணி அவரை அப்படியே விட்டுவிட்டு நம் ஸ்டார் மேல் இரண்டாவது ஆளை அனுப்பும். ஜாரெட் வாண்டர்பில்ட்டுக்கு அதுதான் நடந்தது. 2023 பிப்ரவரியில் லேக்கர்ஸ் கொண்டுவந்தார்கள், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீபன் கரியைத் துரத்தித் துரத்திக் காத்தார். டென்வருடன் மோதியபோது அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, அவர் ஆடும் நேரமும் குறைந்தது, சீரிஸ் 4-0 என்று போனது. நல்ல ஆட்டக்காரர், எனக்குப் பிடித்தவர். ஆனாலும் இது அவரிடம் குறைதான்.

ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். டக்கர் அந்த ஒரு சீசனுக்கு மட்டும், கோடையில் மயாமிக்குப் போய்விட்டார். வைட்டுக்கு இன்னும் மூன்று சீசன் பாக்கி இருந்தது, விலை கூடியதற்கு அதுவும் காரணம். நேற்று நண்பன் கடைசியாகக் கேட்டது இதைத்தான். "சரி, அவங்க ரெண்டு முதல் சுற்று பிக் கேட்டா?" மூலையில் ஷாட் போடத் தெரிந்து, மூன்று வருஷ ஒப்பந்தமும் இருந்தால் ஒன்றுக்கு நான் இப்போதே சரி என்பேன், கூட ஒரு மாற்று உரிமை கேட்டாலும் கொடுப்பேன். எத்தனையாவதாக வந்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய, பாதுகாப்பில்லாத இரண்டு பிக் என்றால் நானும் போனை வைத்துவிடுவேன் என்றேன். அதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். பில்லை அவன் கட்டினான்.