விரிக்கத் தெரிந்தால் போதாது, சுருக்கவும் தெரியணும்

கவிதை எழுதக் கற்றுத்தர முடியாது என்பவர்களிடம் இடைக்கால ஐரோப்பாவில் கவிதைக் கலைக்குப் பாடம் எழுதிய ஜெஃப்ரி ஆஃப் வின்சாஃபைப் படிக்கச் சொல்வேன். 1200-ஐ ஒட்டி அவர் லத்தீனில் எழுதிய 'பொயட்ரியா நோவா' (புதிய கவிதையியல்) சுமார் 2,100 வரிப் பாடநூல். முழுக்கச் செய்யுள். விதியைச் சொல்லும் வரியே அதற்கு எடுத்துக்காட்டாகவும் நிற்கும்.

தொடக்கத்தையே பாருங்கள். நூலைப் போப் மூன்றாம் இன்னொசென்ட்டுக்குப் படைக்கிறார். ஆனால் அந்தப் பெயர் அவருடைய யாப்பில் உட்காராது. ஆறு சீர் கொண்ட வரி அது; ஒரு சீரில் ஒரு நெடிய அசையோடு இரண்டு குறிய அசைகள் வரலாம், அல்லது இரண்டு நெடிய அசைகள் மட்டும் வரலாம். 'இன்-நொ-சென்' நெடில், குறில், நெடில். இரண்டு நெடிலுக்கு நடுவே ஒற்றைக் குறிலுக்கு அங்கே இடமே கிடையாது. மனிதர் பெயரை மாற்றவில்லை. 'நொசென்டி' என்றால் தலையில்லாத பெயராகிவிடும், தலையைச் சேர்த்தால் யாப்புக்குப் பகையாகிவிடும் என்று அந்தச் சிக்கலையே முதல் மூன்று வரிகளாக்கிவிட்டார்!

அடுத்து திட்டமிடல். வீடு கட்டுகிறவன் கைவைக்கும் முன் மனத்தால் அளப்பதுபோல, கவிதை முழுவதும் நெஞ்சில் முடிந்த பிறகே சொல்லைத் தொடு என்கிறார். பிறகுதான் எங்கே தொடங்குவது என்ற கேள்வி. நடந்த வரிசையில் சொல்வது ஒரு வழி. அதை விட்டால் எட்டு வழிகள்: கதையின் நடுவிலிருந்தோ முடிவிலிருந்தோ தொடங்கலாம், தொடக்கம், நடு, முடிவு மூன்றில் எதற்கும் பொருந்தும் பழமொழியையோ உவமைக் கதையையோ முன்னே வைக்கலாம்.

அவர் பெயர் கெட்டது விரித்தெழுதும் பகுதியால். இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு மன்னனுக்கான புலம்பலில் அவன் காயம்பட்ட வெள்ளிக்கிழமையை, கொன்ற வீரனை, சாவை, இயற்கையை, கடைசியில் கடவுளையே விளித்து ஏசுகிறார். ஒரு சேவலை நரி கவ்விய கதையில் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் இதைக் கேலி செய்தார். கேலி நியாயம்தான்: விளிகள் அடுக்கப்பட அடுக்கப்பட இறந்தவன் மறைந்துபோகிறான். ஆனால் அதே சாசர் வீடு கட்டும் வரிகளைத் தன் 'ட்ராய்லஸ்' காவியத்தில் மதிப்போடு எடுத்தாண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

என்னைக் கேட்டால் நூலின் உச்சம் சுருக்கும் பகுதி. வணிகன் ஊரில் இல்லாதபோது மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. பனியால் கருவுற்றதாகச் சொல்கிறாள். அவன் பிள்ளையை விற்றுவிட்டு, வெயிலில் உருகிவிட்டான் என்கிறான். இதை ஜெஃப்ரி ஐந்து வரியில் சொல்லி, மறுபடி இரண்டே வரியில் அடக்குகிறார். இணைப்புச் சொற்களை உதிர்ப்பது, துணை வாக்கியத்தை ஒரு பெயரும் எச்சமுமாக ஒடுக்குவது, பல செய்திகளை ஒரே வாக்கியத்தில் உருக்குவது என்று வழிகளையும் தருகிறார். அந்த இரண்டு வரியில் அவள் பொய், விற்பனை, அவன் பதில் பொய் மூன்றும் இருக்கின்றன. அவன் தொலைதூரம் போனதும் திரும்பியதும் போயின. எதை விட்டால் கதை சாகும் என்று தெரிந்த கை அது.