வெயில் அடித்தாலும் பாலருவியில் வெள்ளம் வரலாம்

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், ஆரியங்காவு அருகே மலைக்காட்டில் உள்ள அருவி பாலருவி. கீழே செங்கோட்டையிலும் ஆரியங்காவிலும் வெயில் அடித்தால் பாலருவியில் வெள்ளம் வராது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. அருவியில் விழும் நீர், மேலே மலைக்காட்டில் பெய்து ஓடைகள் வழியாகத் திரண்டு வருவது. ஆகவே கீழே தூறல்கூட இல்லாதபோதும் சில நிமிடங்களில் நீர்மட்டம் ஏறிவிடக்கூடும். அருகிலுள்ள பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துச் சென்று உயிரைப் பறித்ததை அந்நாளைய செய்தித்தாள்களில் எவரும் பார்க்கலாம். புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் திருவனந்தபுரம் ரேடார் படத்தைத் திறந்து, ஊருக்கு மேல் அல்ல, மலைமுகட்டின் மேல் மழை காட்டுகிறதா என்று பாருங்கள். அருவிக்குச் சென்றபின், தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், வனக்காவலர் விசில் ஊதட்டும் என்று (பலர் அதற்கும் அசைவதில்லை) காத்திராமல் உடனே கரையேறிவிட வேண்டும்.