டோனி ப்ளூமை வியாபாரி என்று திட்டுபவர்களுக்கு

கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் நேரம் வந்தாலே இதே பாட்டுதான். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான பிரைட்டன் ஆள் வாங்கி விற்கும் கடையாம், முதலாளி டோனி ப்ளூமுக்குக் கோப்பை ஆசையே கிடையாதாம். 2025-இல் எங்கள் முன்கள வீரர் ஜோவா பெட்ரோ செல்சி கிளப்புக்குப் போனபோதும் இதைத்தான் எழுதினார்கள். படிக்கப் படிக்க ஆத்திரம் வருகிறது.

நடுக்கள வீரர் கைசெடோ விஷயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2021-இல் ஈக்வடாரிலிருந்து சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வந்த பையன். 2023 ஜனவரியில் ஆர்சனல் 6 கோடி தருகிறேன் என்றது, அப்புறம் 7 கோடி வரை ஏறியது. பையனே போக வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் பகிரங்கமாக எழுதிவிட்டார். காசுதான் குறி என்றால் அன்றே விற்றிருக்கலாமே? ப்ளூம் அசையவில்லை. கைசெடோ திரும்பி வந்து ஆடினார், மார்ச்சில் புது ஒப்பந்தமும் போட்டார். அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் 6-ஆவது இடம், கிளப் வரலாற்றில் முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டி. அதற்குப் பிறகு ஆகஸ்டில்தான் செல்சிக்கு விற்றார், 10 கோடிக்கு. போனஸ் சேர்ந்தால் 11.5 கோடி வரை. அதே மாதம் பிரான்ஸின் லீல் கிளப்பிலிருந்து நடுக்கள வீரர் பலேபாவை வாங்கிப் போட்டார்.

கிளப்பை உண்மையிலேயே கடையாக்கியவர்கள் வேறு ஆட்கள். 1990-களில் இருந்த நிர்வாகம் கிளப்பின் சொந்த மைதானமான கோல்ட்ஸ்டோனை விற்றது. அந்த இடத்தில் இப்போது கடைகள்தான் இருக்கின்றன. 1997-க்குப் பிறகு இரண்டு சீசன், சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்க ரசிகர்கள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஜில்லிங்கம் வரை போனார்கள். அப்புறம் 2011 வரை விதீன் தடகள மைதானம். கேலரிக்கும் களத்துக்கும் நடுவில் ஓடுபாதை, தலைக்கு மேல் சரியான கூரைகூடக் கிடையாது. 2009-இல் பொறுப்புக்கு வந்த ப்ளூம்தான் சொந்தக் காசைப் போட்டு அமெக்ஸ் மைதானத்தைக் கட்டினார். கிளப்புக்கு அவர் வட்டியில்லாமல் கொடுத்த கடன் ஒரு கட்டத்தில் 40 கோடி பவுண்டைத் தாண்டியது. அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார், சரி. அவர் போட்ட பணம்தானே?

கஞ்சன் என்கிறவர்கள் 2024 கோடையை மறந்துவிட்டார்கள். புது ஆட்களுக்கு மட்டும் ஏறக்குறைய 20 கோடி பவுண்ட் செலவு. வந்தவர்கள் எல்லாரும் ஜொலித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த சீசனில் 8-ஆவது இடம். இதற்கு மேலும் வாரி இறைக்க வேண்டுமா? லீக் அனுமதிக்கும் வரம்பை மீறி நஷ்டக் கணக்குக் காட்டிய எவர்ட்டன் கிளப்புக்கு 2023-24-இல் மொத்தம் 8 புள்ளிகள் பறிபோயின. அந்த நிலைமை பிரைட்டனுக்கும் வர வேண்டும் என்றா கேட்கிறீர்கள்?