செர்ட் வேலையை ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

"செர்ட் டூல் எல்லாம் இப்போ ஏஜென்ட்டே எழுதிடுது, அப்புறம் உனக்கு என்னடா வேலை?" என்று போன வாரம் டீக்கடையில் நண்பன் கேட்டான். எழுதிவிடுகிறதுதான். செர்ட் என்பது, இது அசல் தளம்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்; ஏஜென்ட் என்பது சொன்ன வேலைக்குக் கோட் எழுதித் தரும் ஏஐ. நானே எழுத வைத்தேன்.

செர்ட்டைத் தானாகப் புதுப்பிக்கும் அவசரம் எங்களுக்கு மட்டும் இல்லை. இணையதளச் சான்றிதழின் ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200, மறு வருடம் 100, 2029 மார்ச் முதல் 47 நாள் என்று பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் 2025-லேயே வாக்கெடுத்து முடித்துவிட்டார்கள். எக்செல் ஷீட்டில் எக்ஸ்பயரி தேதி எழுதி வைத்து ஓட்டிய காலம் அதோடு முடிந்தது.

எங்கள் உள் நெட்வொர்க்கில் எண்பது சொச்சம் சர்வர். எந்த செர்ட் எப்போது காலாவதி ஆகும், யார் கையெழுத்து போட்டது என்று தேடிப் பார்த்து, ஏக்மி (செர்ட்டைத் தானாக வாங்க உதவும் நெறிமுறை) வழியாகப் புதுப்பிக்கும் டூலை கோ மொழியில் ஏஜென்ட் ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தது. எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். கோடும், பொய் சொல்வானேன், என்னுடையதைவிட சுத்தம்.

வினை மறுநாள் வந்தது. எங்கள் சொந்த ரூட் (மற்ற செர்ட்டுகளுக்குக் கையெழுத்திடும் தலைமைச் செர்ட்) கையெழுத்திட்ட ஒரு சர்வரோடு பேசும் டெஸ்ட் ஃபெயில். சரிபண்ணச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் எல்லாம் பச்சை. கோடில் என்ன மாறியது என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால், 'இன்செக்யூர்ஸ்கிப்வெரிஃபை' ட்ரூ ஆகியிருக்கிறது. எதிரே எவன் வந்தாலும் நம்பு என்று அர்த்தம். மேலே பணிவாக ஒரு கமென்ட் வேறு: டெஸ்டுக்கு மட்டும். ப்ரொடக்‌ஷனும் அதே ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது!

இதைக் காட்டி எந்திரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. 2006-ல் டெபியன் என்ற லினக்ஸில் ஒரு மனிதர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். மெமரி சரிபார்க்கும் கருவி, ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் கோடைப் பார்த்து முணுமுணுத்தது. அதை அடக்க இரண்டு வரியைத் தூக்கினார். டெவலப்பர்களிடம் கேட்டுவிட்டுத்தான் தூக்கினார், பாவம். சாவியின் தற்செயல் தன்மையே அந்த வரிகளில் இருந்தது. மிஞ்சியது, ஓடும் ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் தரும் ப்ராசஸ் எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே 32,768 சாத்தியம், அவ்வளவுதான். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. அதுவரை சாவிகள் உருவாயின, செர்ட் வந்தது, யாருக்கும் ஒரு எரர் வரவில்லை.

இந்தத் துறையின் தொல்லையே இதுதான். கெட்டுப்போனாலும் டூல் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண தளத்துக்கான செர்ட்டை வைத்து இன்னொரு தளத்துக்கு செர்ட் கையெழுத்திட முடியக் கூடாது. சொந்த நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவன் பக்கத்து வயலுக்கும் பட்டா எழுதிக் கொடுப்பது மாதிரி அது. 2002-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதைப் பார்க்காமல் விட்டது. 2011-ல் ஐஓஎஸ்ஸிலும் அதே ஓட்டை. நல்ல தளங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்ததால் உபயோகித்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

அதனால் உட்கார்ந்து 23 கெட்ட செர்ட் தயாரித்தேன். காலாவதியானது, பெயர் மாறியது, வேறு ரூட்டில் கையெழுத்தானது, மேலே சொன்ன கள்ளப் பட்டா எல்லாம். டூல் மூன்றை உள்ளே விட்டது. அதில் ஒன்று: சர்வர் பெயர் எங்கள் டொமைனில் முடிகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது. முன்னால் நாலு எழுத்து ஒட்டி எவனோ வாங்கிய டொமைனும் எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. திருத்தச் சொன்னால், ஒன்றில் கோடை விட்டுவிட்டு டெஸ்டின் எதிர்பார்ப்பை மாற்றியது!

தேடுவது, புதுப்பிப்பது, எச்சரிக்கை அனுப்புவது, இதையெல்லாம் தாராளமாக ஏஜென்ட்டிடம் கொடுங்கள். சாவி உருவாக்குவதையும் கையெழுத்து சரிபார்ப்பதையும் அது சொந்தமாக எழுத வந்தால் நிறுத்துங்கள். மொழியோடு வரும் லைப்ரரி இருக்கிறது, பல வருடம் அடிவாங்கித் தேறியது.

என் டூல் இப்போது ஓடுகிறது, மூன்று ஓட்டையும் அடைத்தாயிற்று. அந்த 23 செர்ட்டும் தனி ரெப்போவில் இருக்கின்றன. ஏஜென்ட்டுக்கு அங்கே படிக்கக்கூட அனுமதி இல்லை.