ஏஞ்சல்ஸ் லேண்டிங்: சீட்டும் வேண்டும், நல்ல காலணியும் வேண்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சயான் தேசியப் பூங்காவில் ஷட்டில் பேருந்தைப் பிடித்து இறங்கி, நேரே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறைக்குன்றின் உச்சிக்கு ஏறலாம் என்று சில பயணக் கட்டுரைகள் சொல்கின்றன. இப்போது முடியாது. 2022 ஏப்ரல் முதல், உச்சிக்கு முன்னாலுள்ள ஸ்கவுட் லுக்அவுட் என்ற காட்சிமுனையைத் தாண்டி, பிடித்து ஏறச் சங்கிலி கட்டிய பாதையில் கால்வைக்கக் குலுக்கலில் கிடைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தக் காட்சிமுனைக்குச் சற்றுக் கீழே, 21 கொண்டையூசி வளைவுகள் உள்ள வால்டர்ஸ் விகிள்ஸ் வரை சீட்டு தேவையில்லை.

போகவர சுமார் 8.7 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர். தண்ணீரைக் கீழே குரோட்டோ ஷட்டில் நிறுத்தத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கிடைக்காது. சங்கிலிதான் இருக்கிறதே என்று தேய்ந்த காலணியோடு தயவுசெய்து போகாதீர்கள். ஆயிரமாயிரம் கால்கள் பட்டு வழவழப்பான மணற்கல்லின் மேல் பொடிமணல் பாதத்துக்கடியில் உருளும். இறங்கும்போது வழுக்குவது அதனால்தான். மழையோ உறைபனியோ இருந்தால் லுக்அவுட்டிலேயே திரும்பிவிடுங்கள்.